மங்காத படம் தேடிய வரலாறு

நம் நாட்டிலே பல தலைமுறையாக ஒரே மனையில் வாழும் குடும்பத்தார் வீட்டுக்குள் நுழைந்தால், கண்ணாடிச் சட்டமிட்ட பழம்படமொன்று சுவரிலே தொங்கக் காண்பது வழக்கம். பாட்டனார் தோளிலே சால்வையிட்டு நாற்காலியில் வீற்றிருப்பார். பாட்டியார் அருகே நின்றிருப்பார். கறுப்பும் வெள்ளையுமாக எடுக்கப்பட்ட அந்தப் படம் இப்போது பழுப்பும் மஞ்சளுமாக மாறியிருக்கும். பாட்டியாரின் சேலைக்கரை தெரியாது. பாட்டனாரின் முகத்திலே ஒரு பாதி வெளிறிப்போயிருக்கும். படத்தின் ஓரங்களிலே ஈயம் பூசினாற்போல ஒரு மினுக்கம் தோன்றும். "படம் பழசாகிவிட்டது" என்று வீட்டார் சொல்லுவர். கேட்டவரும் அதனை ஏற்றுக்கொள்வர்.

ஆனால் அதே வீட்டிலே, அதே ஆண்டில் எடுத்த வேறொரு படம் றங்குப்பெட்டியின் அடியிலிருந்து வெளிவரும்போது, நேற்று எடுத்ததுபோலக் கருமை குன்றாது இருப்பதும் உண்டு. வயது ஒன்றானால் இரண்டும் ஒன்றாகவே மங்கியிருக்க வேண்டுமன்றோ? மங்கவில்லை. ஆகவே படத்தைக் கெடுப்பது காலம் அன்று. காலம் என்ற பெயரின் பின்னே மறைந்து வேலை செய்யும் வேறு சில பொருள்கள். அவை எவை என்று அறிய மனிதர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றிருக்கின்றனர். அந்த முயற்சியின் வரலாறே இன்றைய பேச்சுக்குப் பொருள். இவ்வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. படத்தைக் காப்பதற்கென்று மனிதன் கையாண்ட பொருளே, திரும்பத் திரும்ப, படத்தின் பகையாக மாறியிருக்கின்றது.

தொடக்கத்திலிருந்து வருவோம். வெள்ளி உப்புக்கள் வெளிச்சத்திற் கறுக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறிஞர்க்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளரான ஜொசையா வெட்ஜ்வுட் என்பாரின் மகன் தோமஸ் வெட்ஜ்வுட், வெள்ளி நைத்திரேற்றுப் பூசிய கடுதாசியின்மீதும் தோலின்மீதும் இலைகளையும் பூச்சிகளின் சிறகுகளையும் வைத்து வெயில் காட்டி, அவற்றின் வடிவத்தைப் பதித்தார். இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியும் அவரும் செய்த இச்சோதனைகளின் விவரம் 1802ஆம் ஆண்டு வெளியாயிற்று. வடிவம் வந்தது, நிற்கவில்லை. வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் எஞ்சிய வெள்ளி உப்பும் கறுத்து, படம் முழுவதும் இருண்டுவிடும். ஆகவே அப்படங்களை மெழுகுவர்த்தியின் சிற்றொளியிலே மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாற் கெடும் படம்! வெளிச்சத்தாற் பிறந்த ஒன்றை வெளிச்சத்திலிருந்தே காப்பது எங்ஙனம் என்பதுதான் ஒளிப்படக் கலை எதிர்நோக்கிய முதற் கேள்வி.

அதற்கு விடை ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்தது. கேள்வி எழும்வரை அதன் பயனை அவரும் அறிந்திலர். வானசாஸ்திரியும் இரசாயன அறிஞருமான சேர் ஜோன் ஹேர்ஷல், 1819ஆம் ஆண்டிலே, "ஹைப்போ" என்று பிற்காலத்திற் பெயர் வழங்கிய உப்பின் குணங்களை ஆராய்ந்தபொழுது, அது நீரிற் கரையாத வெள்ளி உப்புக்களைக் கரைத்துவிடும் எனக் கண்டார். சோடியந் தயோசல்பேற்று என்பது அதன் சரியான பெயர். அக்காலத்தார் அதனை வேறோர் உப்பாகக் கருதி ஹைப்போசல்பைற்று என்றனர். பெயர் பிழையென்று பின்னர் தெரிந்தும், சுருங்கிய வடிவமான ஹைப்போ என்பது படப்பிடிப்பாளர் நாவில் நிலைத்துவிட்டது.

1839ஆம் ஆண்டின் முதல் மாதம். பாரிசிலே டகேர் என்பார் ஒளியாற் படம் பதிக்கும் முறை கண்டாரென்ற செய்தி வெளிவந்தது. இங்கிலாந்திலே லேக்கொக் என்னுமிடத்தில் 1834ஆம் ஆண்டு தொடக்கம் தனியாக இதே துறையில் உழைத்துவந்த ஹென்றி பொக்ஸ் டால்பட் தம் முறையை அவசரமாக வெளியிட்டார். அவர் தம் படங்களைச் செறிந்த உப்பு நீரில் இட்டு ஓரளவு நிலைநிறுத்தி வந்தார். ஹேர்ஷலோ செய்தி கேட்ட சில நாட்களுக்குள் தமது பழைய ஹைப்போவை நினைவுகூர்ந்து, வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அதனாற் கரைத்து நீக்கி, படம் வெளிச்சத்தில் மாறாது நிற்கச் செய்தார். அந்த இரகசியத்தை அவர் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் தம் இல்லத்துக்கு வந்த டால்பட்டுக்கு எடுத்துரைத்தார். அன்று தொட்டு இன்றுவரை கறுப்பு வெள்ளைப் படத்தை நிலைநிறுத்தும் கரைசல்களில் ஹைப்போவும் அதன் இனமுமே பெருவழக்காக உள்ளன.

படம் நிலைத்துவிட்டது என்று எல்லாரும் எண்ணினர். டால்பட், 1844ஆம் ஆண்டு முதல் 1846ஆம் ஆண்டுவரை, "இயற்கையின் எழுதுகோல்" என்று பொருள்படும் பெயருடைய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 24 படங்கள் கொண்ட நூல் அது. படங்கள் அச்சிட்டவை அல்ல. ஒவ்வொரு பிரதிக்கும் உண்மையான ஒளிப்படங்களையே எடுத்து ஒட்டினர். ரெடிங் என்னும் ஊரில், டால்பட்டின் உதவியாளரான ஹெனமன் நடத்திய கூடத்திலே அவை உருவாயின. 1846ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலைத்துறைச் சஞ்சிகையொன்று ஒவ்வொரு பிரதியுடனும் ஓர் ஒளிப்படத்தைச் சேர்த்து வாசகர்க்கு அளித்தது. ஆயிரக்கணக்கான படங்களைக் குறுகிய காலத்திற் செய்து முடிக்க வேண்டிய நிலை. கழுவுதற்கு நீரும் நேரமும் போதவில்லை. விளைவு என்ன? விளம்பரமாக அமைய வேண்டிய அப்படங்களுட் பல, வாசகரின் கைகளிலேயே மஞ்சளாகி வெளிறத் தொடங்கின. ஒளிப்படம் நிலையற்றது என்னும் அவச்சொல் எங்கும் பரவிற்று.

இது சிறு விடயம் அன்று. பணங்கொடுத்து வாங்கிய படம் சில ஆண்டுகளில் மறையுமானால், அதனை வாங்குவோர் யார்? ஓவியனை விட்டு ஒளிப்படக்காரனை நாடியவர் மீண்டும் ஓவியனிடமே திரும்பிவிட மாட்டாரா? ஆகவே 1853ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலண்டன் ஒளிப்படச் சங்கம், 1855ஆம் ஆண்டு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. படங்கள் மங்குவதன் காரணத்தைக் கண்டறிவதே அதன் பணி. மங்கல் குழு என்றே வரலாற்றில் அது பெயர்பெற்றுவிட்டது. விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசர், அக்குழுவின் செலவுக்காக 50 பவுண் அளித்தார். பளிங்கு மாளிகையைப் படமெடுத்துப் பெயர்பெற்ற டெலமொட், வைத்தியரான டயமன்ட், இரசாயன ஆசிரியரான ஹாட்விச் முதலியோர் அதில் இடம்பெற்றனர்.

குழுவினர் மங்கிய படங்களையும் மங்காத படங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். பத்தாண்டு கழிந்தும் மாறாத படங்கள் உண்டு என்பதற்கு ஐயமற்ற சான்று கிடைத்தது. இதுவே முக்கியமான முதல் முடிவு. மங்குதல் ஒளிப்படத்தின் பிறவிக்குணம் அன்று. செய்முறைக் குறையும் வைத்திருக்கும் இடத்தின் குறையுமே காரணம். அதே ஆண்டு நவம்பர் மாதம் வெளியான அறிக்கை, கழுவல் குறைவாற் கடுதாசியில் எஞ்சி நிற்கும் ஹைப்போவையே பெருங்குற்றவாளியாகக் காட்டிற்று. ஈரமும், காற்றிலுள்ள கந்தக வாயுக்களும் அதற்குத் துணை. நிலக்கரிப் புகை சூழ்ந்த இலண்டன் மாநகரிலே அந்த வாயுக்களுக்குப் பஞ்சமில்லை. குழுவினர் கூறிய பரிகாரம் நான்கு: படங்களை, இயன்றால் வெந்நீரிலே, மிகுந்த கவனத்துடன் கழுவுக, பொன் உப்புச் சேர்ந்த கரைசலிற் படத்தைத் தோய்த்தெடுக்க, படங்களை ஈரம் அணுகாது வைத்திருக்க, மெழுகு, வாணிசு முதலியவற்றாற் காற்றையும் ஈரத்தையும் தடுக்கலாமோ என்று சோதித்துப் பார்க்க.

இங்கே, நடப்பது என்னவென்று சற்று விளக்குதல் பொருந்தும். கறுப்பு வெள்ளைப் படத்திலே கருமையாகத் தோன்றுவது மையும் அன்று, சாயமும் அன்று. அது மிக நுண்ணிய துகள்களாகப் பரந்துகிடக்கும் வெள்ளி. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கும் வெள்ளிச் செம்பும் நாட்பட்டாற் கறுக்கின்றன. அவ்வாறு கறுப்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளிச் சல்பைட்டு. செம்பிலே அது கரும்படலமாகத் தோன்றும். படத்தின் நுண்துகளிலே மஞ்சளும் பழுப்புமாகத் தோன்றும். ஹைப்போவின் உடலிலே கந்தகம் உண்டு. அமிலமும் ஈரமும் கூடினால் ஹைப்போ சிதைந்து, அக்கந்தகத்தை வெளிவிடும். தாளின் நார்களுக்குள்ளே ஒளிந்திருந்த அந்தக் கந்தகம், பக்கத்திலிருக்கும் வெள்ளித் துகளைப் பற்றி உண்ணும். முதலில் வெளிறுவது துகள் குறைந்த மென்னிழற் பகுதி. ஆகவேதான் முகத்தின் மெல்லிய சாயல்கள் முன்னே மறைகின்றன. கறுத்த கோட்டும் தலைமயிரும் பின்னும் சிலகாலம் எஞ்சியிருக்கின்றன.

மற்றொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அக்காலப் படப்பிடிப்பாளர் சிலர், பல படங்களைத் தோய்த்துப் பழகிய பழைய ஹைப்போக் கரைசலையே விரும்பித் தேடினர். புதிய கரைசல் தரும் நிறத்தினும் பழைய கரைசல் தரும் பழுப்பு கண்ணுக்கு இனிதாக இருந்தது. அந்த இனிய பழுப்பு, படம் பாதி கந்தகமாகிவிட்டதன் அடையாளம் என்பதை அவர் அறியவில்லை. அழகென்று கொண்டாடியது நோயின் தொடக்கமாக இருந்தது.

இலண்டனில் இவ்வாறிருக்க, பிரான்சிலே வேறு வழி தேடினர். வெள்ளி இருக்கும்வரை மங்கலும் இருக்கும். ஆதலால் வெள்ளியே இல்லாத படம் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. லுயின் பிரபு என்பார் 1856ஆம் ஆண்டிலே, மங்காத படமுறை காண்பார்க்குப் பெரும்பரிசு அறிவித்தார். கரித்தூளையும் மையையும் கொண்டு படம் ஆக்கும் முறைகளுக்கு 1855ஆம் ஆண்டிலேயே வழிகண்ட அல்போன்ஸ் புவாத்துவேன் என்பார்க்கு 1867ஆம் ஆண்டு அப்பரிசு கிடைத்தது. இடையில், 1864ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஜோசப் சுவான் கரிப்படமுறையைச் செம்மைப்படுத்தினார். கரி கந்தகத்துக்கு அஞ்சாது. ஆயினும் அம்முறை கைவருத்தமும் காலமும் மிகுதியாக வேண்டுவது. வெள்ளிப் படத்தின் எளிமையும் மலிவும் உலகை வென்றன.

இவ்வரலாற்றிலே நம் இலங்கை மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. ஜூலியா மார்கரட் கமரன் என்னும் அம்மையார், தமது 48ஆவது வயதில், 1863ஆம் ஆண்டின் இறுதியிலே ஒரு கமெரா பரிசாகப் பெற்று, இங்கிலாந்தின் பெரும்புலவரையும் அறிஞரையும் படமெடுத்து உலகப் புகழ் எய்தியவர். இலங்கையின் ஆட்சிச் சீர்திருத்தத்துக்காக வந்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவில் ஒருவரான சாள்ஸ் ஹே கமரன் அவருடைய கணவர். ஹேர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். வயதுமுதிர்ந்த ஹேர்ஷலை அம்மையார் எடுத்த படம் மிகப் பேர்பெற்றது. வெள்ளிப் படத்துக்கு ஹைப்போவைக் கொடுத்த அந்த முதியவரின் முகம், அதே ஹைப்போவினாலே நிலைபெற்று நமக்கு எஞ்சியிருக்கின்றது.

அம்மையாருக்கும் நிலைபேறு பற்றிய கவலை விடவில்லை. கண்ணாடியிலெடுத்த தம் எதிர்ப்படங்களின் மேற்படலம் வெடித்துக் கீறல் விழுவதைக் கண்டு, 1869ஆம் ஆண்டிலே ஒளிப்படச் சங்கத்தாரிடம் அவற்றைக் காட்டி ஆலோசனை கேட்டார். தம் படங்களுட் சிலவற்றை மங்காத கரிப்படங்களாக ஆக்குவிக்கவும் செய்தார். 1875ஆம் ஆண்டிலே கணவருடன் இலங்கைக்குப் பெயர்ந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார். இங்கே எடுத்த படங்களுட் சொற்பமே இன்று கிடைக்கின்றன. தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்து மக்களும் அவற்றிலே காட்சியளிக்கின்றனர். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்து மயானத்தில் அவரும் கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர் படமெடுத்த புலவர்களின் முகங்களை வேறு பலரும் எடுத்திருக்கின்றனர். அவர் இங்கே எடுத்த எளிய மக்களுக்கோ, அந்தப் படத்தாளைத் தவிர வேறு சான்று இல்லை. மங்கினால் யாருக்கு நட்டம் மிகுதி என்பதை இதனால் உணரலாம்.

கழுவுதலின் அவசியத்தை உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. அதற்குள் வேறொரு பகை தோன்றிற்று. முட்டையின் வெண்கருவைப் பூசிச் செய்த அக்காலப் படத்தாள் மிக மெல்லியது, தானே சுருண்டுவிடும். ஆகவே அதனைத் தடித்த அட்டையொன்றில் ஒட்டியே தீரவேண்டும். அட்டை எதனாலானது? 1807ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் இல்லிக் என்பார், படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துக் கடுதாசிக்கு உறுதியூட்டும் முறையை வெளியிட்டார். மை பரவாத கடுதாசி அதனால் மலிவாயிற்று. 1844ஆம் ஆண்டிலே அதே நாட்டுக் கெல்லர் என்பார், மரத்தை அரைத்துக் கூழாக்கிக் கடுதாசி செய்யும் வழி கண்டார். கந்தைத் துணியிலிருந்து செய்த பழைய கடுதாசி நூற்றாண்டுகள் வாழ்ந்தது. மரக்கூழும் படிகாரமும் கூடிய புதிய கடுதாசியோ தனக்குள்ளேயே அமிலத்தை வளர்த்துக்கொண்டு, மஞ்சளாகி, நொறுங்கி, தானே சாகும். அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பார், 1900ஆம் ஆண்டுக்கும் 1949ஆம் ஆண்டுக்கும் இடையில் அச்சான 500 புத்தகங்களின் தாள்களைச் சோதித்து, 1959ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். ஐம்பது ஆண்டுக்கு மேல் நிலைக்கத்தக்க தாள் நூற்றுக்கு மூன்றே எனக் கண்டார்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படத்தாளைச் செய்வோர் ஆதியிலிருந்தே தூய நாரையும் தூய நீரையும் தேடினர். பிரான்சிலே ரீவ் என்னும் இடத்திலும், மல்மெடி என்னும் ஊரிலும் செய்த தாள்களே நெடுங்காலம் உலகப் படத்தொழிலுக்கு ஆதாரமாக இருந்தன. ஆனால் அந்தத் தூய தாளை ஒட்டிய அட்டையோ, மேலே அழகிய வெள்ளைக் கடுதாசியும் பொற்கரையும் போர்த்து, உள்ளே மலிவான மரக்கூழை ஒளித்துவைத்தது. தாங்குவதற்கென்று வைத்த அட்டையிலிருந்து அமிலம் படத்தாளுக்கு இறங்கிற்று. எஞ்சிய ஹைப்போவை அது சிதைத்தது. மரக்கூழ் சிதையும்போது பிறக்கும் பெரொட்சைட்டு முதலிய ஆவிகள் வெள்ளித் துகளையே அரித்தன. அரிக்கப்பட்ட வெள்ளி கண்ணுக்குத் தெரியாத அயன்களாகப் பரவி, மேற்பரப்பை அடைந்து, மீண்டும் வெள்ளியாகப் படியும். பழைய படங்களின் ஓரத்திலே நாம் காணும் அந்த ஈய மினுக்கம் இவ்வாறு உண்டானதே. ஓரத்தில் அது முதலில் தோன்றுவது ஏனெனில், காற்றும் ஈரமும் நுழையும் வாயில் ஓரமேயாகும்.

ஒட்டிய பசையும் இதற்கு விலக்கன்று. கோதுமை மாக்களியும் பிசினும் ஈரத்தை இழுத்துப் புளித்து, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்தாயின.

இரண்டாம் உலக மகாயுத்தம் கழுவுதலிலே புதிய பாடமொன்றைக் கற்பித்தது. கப்பல்களில் நன்னீர் அரிது. ஆகவே கடற்படையினர் படங்களைக் கடல்நீரிலே கழுவினர். கேடு விளையும் என்று எதிர்பார்த்த இடத்தில், நன்னீரைவிடக் கடல்நீர் ஹைப்போவை விரைவாக வெளியேற்றுவது தெரியவந்தது. கடல்நீரிலுள்ள உப்புக்கள், தாளிலும் ஜெலற்றினிலும் பற்றிக்கொண்டிருக்கும் ஹைப்போவை இடம்பெயர்த்து வெளியே தள்ளிவிடுகின்றன. இறுதியில் நன்னீரால் அலம்பினாற் போதும். அலம்பாது விட்டால் அந்த உப்பே வெள்ளியைக் கெடுக்கும். கொடாக் ஆய்வுகூடத்து கிராப்ட்ரியும் அவர்தம் கூட்டாளிகளும் இத்துறையை விரிவாக ஆராய்ந்தனர். சல்பைற்று உப்புக்களைக் கொண்ட துப்புரவுக் கரைசல்கள் பின்னர் சந்தைக்கு வந்தன. மணிக்கணக்கான கழுவல் அதனால் நிமிடக்கணக்காகக் குறைந்தது. உப்பு நீரில் தொடங்கிய டால்பட்டின் முயற்சி, நூறாண்டு சுற்றி மீண்டும் உப்பு நீரிடமே பாடம் கேட்டது.

1980களிலே ஆராய்ச்சி இன்னுமொரு படி ஏறியது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலே 1985ஆம் ஆண்டு பட நிலைபேற்று ஆய்வு நிலையமொன்று தொடங்கப்பட்டது. ஓர் உறை அமிலமற்றது என்று மேலே அச்சிட்டிருந்தால் மட்டும் போதுமா என்று அங்குள்ளோர் வினவினர். அமிலமற்ற உறையிலும் கந்தகமோ பெரொட்சைட்டோ இருக்கலாம். சாயமோ பசையோ கேடு செய்யலாம். ஆகவே உறையையும் நுண்ணிய வெள்ளிப் படலத்தையும் ஒன்றாக அடுக்கி, 70 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திலும் நூற்றுக்கு 86 ஈரப்பதத்திலும் 15 நாட்கள் வைத்து, வெள்ளி மாறுகின்றதா என்று பார்க்கும் சோதனை வகுக்கப்பட்டது. இப்போது அது சருவதேச நியமமாக விளங்குகின்றது. உறையைப் பற்றி விற்பவன் சொல்வதைக் கேளாது வெள்ளியையே சாட்சி கேட்கும் முறை இது.

கார ஊட்டம் பற்றியும் ஒரு சொல். கடுதாசியிலே சிறிது கல்சியங் காபனேற்றுச் சேர்த்தால், வந்து சேரும் அமிலத்தை அது அடக்கிவிடும். நூல்களுக்கும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் இது நன்று. ஆனால் நீலப்படம் எனப்படும் சயனோவகைப் படம் காரத்தில் வெளிறிவிடும். வெண்கருப் படங்களுக்கும் காரமோ அமிலமோ மிகாத நடுநிலைத் தாளே ஏற்றதென்பர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை என்பது இங்கும் பொருந்தும்.

நேயர்களே, இவை யாவும் இலண்டனுக்கும் ரொச்செஸ்டருக்கும் உரிய செய்திகள். நமக்கென்ன என்று எண்ணலாகாது. வெப்பமும் ஈரமும் படங்களின் தீவிரப் பகைகள். நம் கரையோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரம் செறிந்தே இருக்கின்றது. மேலும், இந்நாட்டிலே பலர் வீடிழந்து ஊர்விட்டு ஊர் பெயர நேர்ந்தது. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது பல்லாயிரம் நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் ஒரே இரவிற் சாம்பராயின. நெருப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அமிலமோ ஓசையின்றி, ஒரு வீட்டில் ஒரு படமாக, அதே வேலையைச் செய்கின்றது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களில், மடித்துப் பொலித்தீன் பையிற் செருகிய ஒரேயொரு படமே முன்னோர்க்கு எஞ்சிய சான்றாக இருக்கலாம். அந்தப் படத்தைக் காப்பது சரித்திரப் பணியேயாகும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. படங்களைத் தூய பருத்திக் கடுதாசி உறையிலோ, நற்சான்று பெற்ற பொலியெஸ்ரர் உறையிலோ தனித்தனியாக இடுக. பீ.வீ.சீ. என்னும் பிளாஸ்ரிக் உறைகளை நீக்குக. அவை சிதைந்து அமிலத்தையே வெளிவிடும். பத்திரிகைத் துண்டுகளைப் படத்தோடு வைக்கலாகாது. ஒட்டும் நாடா, இறப்பர் வளையம், இரும்பு ஊசி ஆகியவற்றை அணுகவிடற்க. பசை தடவிய தாள்மேல் மெல்லிய பிளாஸ்ரிக்கை மூடும் அல்பங்கள் 1970களிலே நாடெங்கும் பரவின. அவற்றிலுள்ள படங்கள் எளிதில் வருமானால் மெதுவாக வெளியே எடுப்பது நன்று. வர மறுத்தால் இழுக்காது, இருந்தபடியே பிரதி செய்துகொள்ளல் வேண்டும். நிலத்தோடும் வெளிச்சுவரோடும் சேராத அலுமாரித் தட்டிலே, அடுக்களைப் புகைக்கும் புதிதாகப் பூசிய நிறமையின் ஆவிக்கும் எட்டாத இடத்திலே பெட்டியை வைக்க வேண்டும். சுவரிலே தொங்கவிட மூலப்படத்தை விட்டு, அதன் பிரதியைப் பயன்படுத்தலாம். சட்டத்தினுள்ளே கண்ணாடி படத்தைத் தொடாதிருக்க, இடையே தூய அட்டைக்கரை வைத்தல் வேண்டும்.

அட்டையில் ஒட்டிய படத்தை வீட்டிலே பெயர்க்க முயல்வது ஆபத்து. கழுவிப் புதிதாக்கித் தருகிறோம் என்பாரிடம் ஒரேயொரு பிரதியை ஒப்படைப்பதும் ஆபத்து. பயின்ற பாதுகாப்பாளரின் கைக்கு மட்டுமே அது உரியது. வீட்டில் நாம் செய்யத்தக்கது, கேடு விளைவிக்கும் பொருளைப் படத்தினின்றும் விலக்குவதே.

இக்காலத்திலே கணினியாற் பிரதி எடுத்து வைத்தல் எளிது. அதனைச் செய்வது அவசியம். எனினும் பிரதி இருக்கின்றதென்று மூலத்தை எறிதல் தகாது. கணினிக் கோப்பைப் படிக்கும் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடுகின்றன. நன்கு கழுவி நல்லுறையில் இட்ட வெள்ளிப்படமோ, ஒரு கருவியின் துணையும் வேண்டாது, பேரப்பிள்ளைகள் பார்க்கத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டேயிருக்கும்.

இறுதியாக ஒன்று. படத்தின் பின்புறத்திலே, மெல்லிய பென்சிலால், அழுத்தாது, படத்திலுள்ளார் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும். மை ஊடுருவும், குமிழ்முனைப் பேனா தாளை வடுப்படுத்தும், பென்சிலின் கரி மங்காது. வெள்ளித் துகள் எவ்வளவு கருமையாக நிலைத்தாலும், அதிலிருப்பவர் யாரென்று சொல்லுவார் மறைந்துவிட்டால், அது பெயரற்ற ஒரு முகமாகவே எஞ்சும். பாட்டியாரை அறிந்தவர் ஒருவராவது வீட்டில் இருக்கும்போதே அந்தப் பெட்டியைத் திறந்து, அவரருகே அமர்ந்து, ஒவ்வொரு படமாக எடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.